பெட்டிக்குள் ஒரு கால்

யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் உறுத்துகிறது. தப்பு செய்தவளை முறைக்கவாவது வேண்டாமா. மங்களூரில் அத்தனை ஜனத்துக்கு முன்னால், பாட்டு அடங்கி, அகிலன் கிட்டாரை மட்டும் மெல்ல வருடிக்கொண்டு இரண்டு சுற்று தனியாகப் பாட வேண்டிய இடத்தில், நான் ஒரு சுற்று முடிந்ததுமே டிரம்ஸோடு தடதடவென்று உள்ளே விழுந்தேன். எல்லாரும் கண்மூடி ஜெபிக்கிற நேரத்தில் அடுக்களையில் அண்டாவைக் கீழே போட்ட மாதிரி. விழுந்தால் விழுந்ததுதான், டிரம்ஸ் அப்படி, பாடுகிறவன் ஒரு சொல்லை முழுங்கிக்கொள்ளலாம், அடிக்கிறவள் அடித்ததை எங்கே கொண்டுபோய் ஒளிப்பாள். வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டேன், பாட்டு முடிகிற வரைக்கும் திறக்கவே இல்லை, ஆண்டவரே ஆண்டவரே என்று கை தானாக அடித்துக்கொண்டிருந்தது. மேடையை விட்டுக் கீழே இறங்கினால் அகிலன் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, "செம, கனிம்மா" என்கிறான். எதற்குச் செம? வேனில் எங்கள் பேண்டுப் பிள்ளை மீனு நேந்திரங்காய் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்து முதலில் என்னிடம் நீட்டினாள். சவுண்டுக்காரன் ஷாஜி பாட்டுக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனான். நான் சிப்ஸைக் கையில் வைத்துக்கொண்டு வழி முழுக்க உட்கார்ந்திருந்தேன், இப்போ சொல்வார்கள், அடுத்த டீக்கடையில் சொல்வார்கள் என்று. டீக்கடையில் அகிலன் கேட்டது, "உங்களுக்குச் சர்க்கரை கம்மியா கனிம்மா?" இவ்வளவுதான். தப்பு செய்த பிள்ளையை அடிக்காமல் விட்டால் அந்தப் பிள்ளைக்குச் சோறு இறங்காது, நானே என் பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன். இப்போது கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில், எங்களுக்கென்று திறந்துவிட்ட வகுப்பறையில் உட்கார்ந்து குச்சிக்குத் துணி டேப் சுற்றிக்கொண்டிருக்கிறேன். கரும்பலகையில் யாரோ பாதி அழித்த கணக்கு. பெஞ்சில் ஆறிப்போன சமோசா. வெளியே பிள்ளைகள் மைதானத்தில் சேர்ந்துகொண்டிருக்கிற இரைச்சல், கடல் மாதிரி. கொஞ்ச நேரத்தில் கூப்பிடுவார்கள். இப்போதுதான் பாத்ரூம் போய்விட்டு வந்தேன், மறுபடியும் போக வேண்டும் போல இருக்கிறது.

எங்கள் சபையில் தேவசகாயம் அண்ணாச்சி பாடகர் குழுவை நடத்தும்போது ஒரு அடி பிசகினால் போதும், பாட்டுப் புத்தகத்துக்கு மேலே கண்ணாடி வழியாக ஒரு பார்வை பார்ப்பார், அந்த வாரம் முழுக்க மீன்குழம்பில் உப்பு சரியாக விழாது. ஆராதனை முடிந்து வாசலில் நிறுத்திக் கேட்பார், "என்னம்மா ஜெபக்கனி, இன்னைக்கு யாரைத் துரத்திக்கிட்டு ஓடுன?" அது அன்பு. அதில் ஒளிவு மறைவு கிடையாது. ஆர்கன் போகிற வழியில் டிரம்ஸ் போக வேண்டும், பிசகினால் பார்வை விழும், திருத்திக்கொள்ள வேண்டும், முடிந்தது. நான் டிரம்ஸுக்கு வந்ததே ஒரு கிறிஸ்துமஸுக்கு ஆள் இல்லாமல் போனதால்தான். என் மகன் ஆல்வின் அடித்துக்கொண்டிருந்தான், அவன் கனடா போனதும் அந்த டிரம்ஸ் செட் பழைய பெட்ஷீட் போர்த்திக் கோவில் மூலையில் கிடந்தது, போர்த்திய உருவத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என்னவோ செய்யும். அவன் பழகின காலமெல்லாம் நான் வீட்டில் தையல் மிஷினில் உட்கார்ந்து அவன் தாளத்துக்கே மிதித்திருக்கிறேன், பாவாடைக்கும் பள்ளிக்கூடச் சட்டைக்கும் மிதித்த கால், அதற்கு எல்லாம் தெரியும், கைக்குத்தான் தெரியாது. ஒருநாள் கோவிலைக் கூட்டப் போனவள் பெட்ஷீட்டை எடுத்துவிட்டு உட்கார்ந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலை அந்த இரும்புப் பலகையில் வைத்தேன். அது என் மிஷின் பலகை மாதிரியே குளிர்ச்சியாக இருந்தது. பாஸ்டருக்கு முதலில் மனசில்லை, பொம்பளை டிரம்ஸ் அடிப்பதா என்று. எங்கள் வீட்டுக்காரர்தான் போய், "அவ மிஷினும் சத்தம்தான் ஐயா, இதுவும் சத்தம்தான்" என்று சொல்லிவிட்டு வந்தார். உப்பளத்தில் எடை போட்ட மனுஷர், அவருக்கு எதையும் நீட்டத் தெரியாது. அந்தக் கிறிஸ்துமஸ் வீடியோவை யாரோ போனில் போட்டுவிட, அதைப் பார்த்து மெட்ராஸிலிருந்து இந்தப் பிள்ளைகள் தூத்துக்குடிக்கே தேடி வந்தார்கள், "மின்தடை"ன்னு ஒரு ராக் பேண்டாம், அடித்துக்கொண்டிருந்த பையன் வேலைக்குப் போய்விட்டானாம், நீங்க வரணும் கனிம்மா. அப்போதே நான் கேட்டிருக்க வேண்டும், ஊரில் அடிக்கிற பையன்களே இல்லாமலா என்னைத் தேடி வந்தீர்கள் என்று. கேட்கவில்லை. அவ்வளவு சந்தோஷம். மகளும் மகனும் தூரமாகப் போன வீட்டில் மத்தியானங்கள் எவ்வளவு நீளம் என்று யாருக்குத் தெரியும்.

அந்தப் பெட்டி. அதைத்தான் சொல்ல வந்தேன். மங்களூர் முடிந்து கோழிக்கோடு போன அன்றைக்கு, நான் செட்டில் உட்காரப் போனால், காலால் அடிக்கிற பெரிய டிரம்மின் விளிம்பில் தீப்பெட்டி அளவில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது, கறுப்பாக, பல்லி மாதிரி. அதிலிருந்து ஒரு வயர் கீழே இறங்கி இன்னொரு பெட்டிக்குள் போய், அங்கிருந்து எங்கேயோ ஷாஜி உட்கார்ந்திருக்கிற மேஜைக்குப் போகிறது. சவுண்டு எல்லாம் ஷாஜி பொறுப்பு, நாற்பது வயசு ஆள், மலையாளி, நல்லவன்தான், அம்மாவுக்குத் தினமும் போன் பண்ணுகிறவன். "இது என்னப்பா?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல சேச்சி, கால் சத்தம் கொஞ்சம் நல்லா கேக்கும், அவ்வளவுதான்." ஒண்ணுமில்ல என்று ஆரம்பிக்கிற பேச்சில் எப்போதும் ஒன்று இருக்கும். மங்களூர் வரைக்கும் என் கால் சத்தம் நன்றாகத்தானே கேட்டது? மங்களூருக்கு அப்புறம் திடீரென்று ஏன் ஒரு பல்லி? சரி என்று விட்டேன். இன்றைக்கு மத்தியானம் சவுண்டு செக்கில் வெயில் மண்டையைப் பிளக்க, நான் என் பங்கை அடித்துவிட்டுக் காலை எடுத்துக் கீழே வைத்து, சேலை ஓரம் பெடலில் மாட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். தும் தும், தும். மேலே பெரிய ஸ்பீக்கரில் என் கால் அடிக்கிறது. என் கால்தான், எனக்குத் தெரியாதா, இரண்டாவது அடியை லேசாக இழுத்துக்கொள்கிற அந்த நொண்டல், மிஷின் பழக்கம், அது என்னுடையது. என் காலோ தரையில், பெருவிரலில் மண் ஒட்டிக்கொண்டு. உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது அந்த வெயிலில். மைதானத்துக்குப் பின்னால் கையைக் கட்டி நின்று கேட்டுக்கொண்டிருந்த ஷாஜியிடம் நடந்தே போனேன். அவன் சிரிக்கிறான். "நீங்க இப்ப அடிச்சதைப் பதிவு பண்ணி வெச்சேன் சேச்சி. அதைப் போட்டுட்டு இங்க பின்னாடி வந்து நின்னு கேட்டாத்தான் கூட்டத்துக்கு எப்படிக் கேக்கும்னு தெரியும். எல்லா இடத்திலயும் செய்றதுதான்." எல்லா இடத்திலும் செய்கிறதுதான். அப்படியானால் கோழிக்கோட்டிலும் வைத்திருக்கிறான். நான் தப்பில்லாமல் அடித்த ஏதோ ஒரு சாயங்காலம் முழுசாக அவன் மேஜை லேப்டாப்புக்குள் இருக்கிறது. நான் இல்லாமலே என்னை அடிக்க அவனால் முடியும். முடிகிறவன் செய்யாமல் இருப்பானா? மங்களூரில் அப்படி விழுந்தவளை நம்பி, காசு கொடுத்துக் கூப்பிட்ட கல்லூரியில், யாராவது டிரம்ஸ் மைக்கைத் திறந்து வைப்பார்களா? நானாக இருந்தால் வைப்பேனா?

அதுவும் போகட்டும், அந்த போஸ்டர். கல்லூரி வாசலிலேயே ஆள் உயரத்துக்கு. பாடுகிற அகிலன் ஒரு மூலையில் சின்னதாக, பேஸ் கிட்டார் வாசிக்கிற மீனு இன்னொரு மூலையில், நடுவில் நான், குச்சியைத் தூக்கிக்கொண்டு, சேலையில். எனக்குச் சுடிதார்தான் தோது, கால் தடங்கல் இல்லாமல் போகும். அகிலன்தான் சொன்னான், "சேலைல வாங்க கனிம்மா, கெத்தா இருக்கும்." யாருக்குக் கெத்து? கோழிக்கோட்டில் முந்தானை பெடலில் சிக்கி, நல்லவேளை ஊக்கு குத்தியிருந்தேன், இல்லாவிட்டால் மானம் போயிருக்கும். இன்றைக்கு வேனை விட்டு இறங்கினதும் ஒரு பெண் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு போட்டோ எடுத்தாள். "ஆன்ட்டி, நீங்க ரொம்ப க்யூட்!" நான் அடித்ததை நீ கேட்டிருக்கிறாயா கண்ணு என்று கேட்டேன். "இல்ல ஆன்ட்டி, ரீல்ஸ்ல பாத்தேன், சத்தம் ஆஃப்ல இருந்துச்சு, க்ளாஸ்ல இருந்தேன்." சத்தம் இல்லாமல் பார்த்திருக்கிறாள். சத்தம் இல்லாமலும் நான் நன்றாகத்தான் இருக்கிறேன் போலிருக்கிறது. அங்கே ஒரு குத்தல் உள்ளே போனது, இன்னும் வெளியே வரவில்லை. என்னைப் பார்ப்பதற்கு உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். கடை வாசலில் கையை ஆட்டிக்கொண்டே இருக்குமே ஒரு பொம்மை, அதுதான் நான். பொம்மை தப்பு செய்தால் யாராவது திட்டுவார்களா? தட்டிக் கொடுப்பார்கள். சிப்ஸ் கொடுப்பார்கள். மகள் கிரேஸ்லின் மத்தியானம் போன் பண்ணினாள், "சாப்டியாம்மா, கால் வீக்கம் எப்படி இருக்கு?" என்று. சொல்லிவிடலாமா என்று வாய்வரைக்கும் வந்தது. "ஏட்டி, நீ ஒரு வீட்டுல சமைக்கப் போறன்னு வெச்சுக்கோ. சட்டில நீ என்னத்தையோ கிண்டிக்கிட்டு இருக்க. ஆனா சாப்பிடுறவங்களுக்கு ஓட்டல்ல வாங்கி வெச்சதைப் பரிமாறுறாங்க. உனக்கு எப்படி இருக்கும்?" "சம்பளம் உண்டா?" என்றாள். "உண்டு." "அப்ப கிண்டுறதுக்கு என்னம்மா?" சிரித்தாள். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு அழுகை வந்தது, சேலையில் துடைத்துக்கொண்டேன், சேலைக்கு அந்த ஒரு உபயோகமாவது உண்டு.

இந்த வேன் வாழ்க்கையில் உடம்பு ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம் உட்கார்ந்து வருகிறது. ஊர் ஊராகப் போகிறோம், ஒரு ஊரையும் பார்ப்பதில்லை, பார்ப்பதெல்லாம் பெட்ரோல் பங்க் கழிப்பறை, லாட்ஜ் படிக்கட்டு, மேடைக்குப் பின்பக்கத்துச் சேறு. உட்கார்ந்தே வருவதில் வலது கணுக்கால் வீங்கிக்கொள்கிறது, ராத்திரி சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு படுக்கிறேன். மீனுவும் நானும் ஒரே அறை. மீனலோசனி, தலைமுடியை ஆம்பளைப் பையன் மாதிரி ஒட்ட வெட்டிக்கொண்டு, மூக்கில் இரண்டு வளையம், ஆனால் நான் ஜெபம் பண்ணுகிற நேரத்தில் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிற பிள்ளை. அவள் கிட்டார் என் காலோடு ஒட்டிக்கொண்டு வரும், பேஸ் என்றால் அப்படித்தானாம், டிரம்ஸ்காரியின் காலைப் பிடித்துக்கொண்டு நடப்பதாம், அவளே சொன்னாள். அவள் மேல் எனக்குச் சந்தேகம் வரும் என்று நான் நினைக்கவே இல்லை. கோழிக்கோட்டில் நான் குளித்துவிட்டு வரும்போது அவள் பால்கனியில் போனில் பேசிக்கொண்டிருக்கிறாள், முதுகைக் காட்டிக்கொண்டு, "அகில், அவங்ககிட்ட மட்டும் சொல்லிராத. சொன்னா மனசு உடைஞ்சிருவாங்க. நாம பாத்துக்கலாம், அவங்களுக்குத் தெரிய வேணாம்." நான் ஈரத் துண்டோடு அப்படியே நின்றேன். திரும்பிப் பார்த்தவள் போனைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "ஹேர் டிரையர் வேணுமா கனிம்மா?" என்கிறாள். இவளுக்கே முடி இல்லை, ஹேர் டிரையராம். எதைச் சொல்லக் கூடாது? எதைப் பார்த்துக்கொள்வார்கள்? நான் எத்தனை தடவை அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டேன், தையலைப் பிரித்து மறுபடி தைத்து மறுபடி பிரித்த துணி மாதிரி ஓட்டை ஓட்டையாகிவிட்டது, ஆனால் எப்படிப் பிரித்தாலும் உள்ளே அந்தப் பல்லிதான் இருக்கிறது. அகிலன், மீனு, ஷாஜி, மூன்று பேருக்கும் தெரியும். சத்தம் பெட்டியிலிருந்து வருகிறது. எனக்கு மட்டும் தெரியாது. ஆண்டவரே, பிள்ளைகளைப் பற்றி இப்படி நினைக்கிறேனே என்று முழங்காலில் நின்றேன். நினைக்காமல் இருக்கப் பலம் கொடும் என்று கேட்கத்தான் நின்றேன். வாயில் வந்தது, உண்மையைக் காட்டும் என்று.

ஆகவே இன்றைக்குப் பார்த்துவிடுவது. பை கட்டியாகிவிட்டது, வேனில் ஏற்றாமல் இங்கேயே காலடியில் வைத்திருக்கிறேன், மேலே வேதப்புத்தகம், பவுடர், ஒரு மாற்றுச்சேலை. இங்கிருந்து எங்கள் ஊருக்கு ராத்திரி ரயில் இருக்கிறது. கடைசிக்கு முந்தின பாட்டு "உப்பு", அதில் அகிலன் மற்ற பாட்டுகளில் போல தன் லேப்டாப்பிலிருந்து கூடுதல் இசை எதுவும் போடுவதில்லை, நாங்கள் மூவரும் கையால் செய்வது மட்டும்தான், என் மிஷின் மிதியைக் கேட்டுத்தான் அவன் அந்தப் பாட்டையே கட்டினான் என்று சொன்னான். பொய்யோ என்னவோ. அது முழுவேகத்தில் போகிற இடத்தில் கையையும் காலையும் தூக்கிவிடுவேன். நிறுத்திவிடுவேன். ஸ்பீக்கரில் என் கால் தொடர்ந்து கேட்டதென்றால் தெரிந்துபோயிற்று, பாட்டு முடிந்ததும் கும்பிட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடிப்பேன், ஒருத்தரையும் ஒன்றும் கேட்க மாட்டேன். கேட்கவில்லை என்றால்? கேட்கவில்லை என்றால் இத்தனை ஜனத்துக்கு முன்னால் நான் நின்றுபோனவள். அதுவும் முடிவுதான். இப்படியும் அவமானம், அப்படியும் அவமானம், ஆனால் ஒன்றில் நான் டிரம்ஸ்காரி, மற்றதில் பொம்மை. ஒரு சிக்கல் இருக்கிறது. மேடையில் நான் கேட்பது கூட்டம் கேட்பதல்ல. காதில் ஒரு பொத்தானைச் செருகிவிடுகிறான் ஷாஜி, அதில் எனக்கு எது வர வேண்டும் என்று அவன் அனுப்புகிறானோ அதுதான் வரும், என் சத்தம், அகிலன் குரல், டிக் டிக் என்று ஒரு கடிகாரம். வெளியே என்ன போகிறது என்று அவனுக்கும் ஜனத்துக்கும்தான் தெரியும். அதனால் நிறுத்துவதற்கு முன்னால் அந்தப் பொத்தானைப் பிடுங்க வேண்டும். பிடுங்கினால் தடுமாறும், மைதானத்துச் சத்தம் சுவரில் மோதிப் பிந்தித்தான் காதுக்கு வரும், அதைக் கேட்டால் கை குழம்பும் என்று முதல் நாளே எச்சரித்திருக்கிறார்கள். எச்சரித்தது என் நன்மைக்கா, நான் பிடுங்கிவிடக் கூடாது என்பதற்கா? கதவைத் தட்டுகிறார்கள். "கனிம்மா, போலாமா?" அகிலன். பையைப் பார்க்கிறான். "இது என்ன, இங்கயே வெச்சிருக்கீங்க?" "மருந்து இருக்குப்பா." நானும் ஒண்ணுமில்ல சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டேன்.

மேடைப் படியில் கால் நடுங்குகிறது, இது வழக்கமான நடுக்கம், இதை எனக்குத் தெரியும், முதல் அடி விழுந்ததும் போய்விடும். கையில் பவுடர். குச்சியை நெற்றியில் வைத்து ஒரு ஜெபம், இன்றைக்கு ஜெபமே வரவில்லை, ஆண்டவரே என்பதோடு நின்றுவிட்டது. விளக்கு கண்ணைக் குத்த, கூட்டம் "அம்மா, அம்மா" என்று கத்துகிறது, பொம்மை, பொம்மை. செருப்பைக் கழற்றுகிறேன், பெருவிரல் இரும்பில். பல்லி அதே இடத்தில். முதல் பாட்டு போனது, இரண்டாவது போனது, கை தன் வேலையைத் தானே பார்க்கிறது, நான் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், இது நானா, இது நானா என்று. நானாகத்தான் கேட்கிறது. அதுதானே அவன் அனுப்புவது. இடையில் ஒரு இடத்தில் குச்சி வழுக்கி விளிம்பில் பட்டு டக்கென்று கோணலாக ஒரு சத்தம், வேண்டுமென்று செய்யவில்லை, மீனு திரும்பி ஒரு புன்னகை. ஏன் புன்னகை? தேவசகாயம் அண்ணாச்சி, நீங்க எங்க இருக்கீங்க, ஒரு பார்வை பாருங்க. சூரியன் விடுதிக் கட்டடத்துக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருக்கிறது, கூட்டத்தின் தலைகளெல்லாம் செம்பு நிறம். தூரத்தில் மேஜைக்குப் பின்னால் ஷாஜி குனிந்தே இருக்கிறான். குனிந்து என்ன செய்கிறான்? அகிலன் மைக்கில் சொல்கிறான், "அடுத்த பாட்டு உப்பு. இது கனிம்மாவோட கால்ல இருந்து பொறந்த பாட்டு." கூட்டம் கூவுகிறது. எத்தனை லேசாகச் சொல்கிறான். மிதிக்கிறேன். தும் தும், தும். மீனு ஒட்டிக்கொள்கிறாள். அளத்து வெயில், வெள்ளைப் பாத்தி, அவர் எடை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் புருவத்தில் உப்பு பூத்திருக்கும், நான் ஈரத் துணியால் துடைப்பேன், மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும், ஆல்வின் மாடியில் அடித்துக்கொண்டிருப்பான், எவ்வளவு சத்தம் அந்த வீட்டில். பாட்டு ஏறுகிறது. இப்போது. இல்லை, அடுத்த சுற்றில். அடுத்த சுற்று. பயந்தவளே, இப்போது. இடது கையால் காதுப் பொத்தானைப் பிடுங்குகிறேன், அது கழுத்தில் விழுந்து தொங்குகிறது, வெளிச்சத்தம் முழுசாக வந்து மூஞ்சியில் அறைகிறது, ஒரே இரைச்சல், எது முன்னே எது பின்னே தெரியவில்லை. கையைத் தூக்கினேன். காலைத் தூக்கினேன்.

தும். அய்யோ. கேட்டுவிட்டது. என் கால் அந்தரத்தில் இருக்கிறது, தும் கேட்டுவிட்டது. நெஞ்சு நின்றுபோய், சரி, ஆட்டோ, ரயில், அவர் ஸ்டேஷனுக்கு வருவார், என்ன கனி என்பார், ஒண்ணுமில்லங்க என்பேன். அப்புறம் ஒன்றுமில்லை. இன்னொரு தும் வரவில்லை. வந்தது விடுதிக் கட்டடத்துச் சுவரில் மோதித் திரும்பிய என் கடைசி அடி. அதுவும் தேய்ந்து போனது. ஒரு சத்தமும் இல்லை. இவ்வளவு ஜனம் இருக்கிற இடத்தில் இவ்வளவு அமைதியை நான் எந்த ஆராதனையிலும் கேட்டதில்லை. பின்னால் எங்கோ ஜெனரேட்டர் ஓடுகிறது, ஒரு காகம். பெட்டி வாயடைத்துக் கிடக்கிறது, பாவம், நான் மிதிக்காமல் அதற்கு ஒன்றும் சொல்லத் தெரியாது. ஆனால் நான் மட்டும்தானே நிறுத்தினேன், அகிலன் ஏன் நிற்கிறான்? கை கிட்டாருக்கு மேலே அந்தரத்தில், வாய் பாதி திறந்தபடி, என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். மீனு உள்ளங்கையால் தந்தியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு. ஒரு இழை பிந்தாமல், என்னோடு சேர்ந்து, அதே இடத்தில், ஒரே கத்திரி வெட்டில் வெட்டின மாதிரி நிற்கிறார்கள். கூட்டத்துக்கு இது பாட்டிலேயே இருக்கிற நிறுத்தம் போலத் தெரிகிறது, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறது. தூரத்தில் ஷாஜி எழுந்து நின்று தலையில் கை வைத்துக்கொண்டு வயர்களைப் பார்க்கிறான், ஏதோ பிடுங்கிக்கொண்டது என்று நினைத்துவிட்டான். மீனு பின்பக்கமாகவே நடந்து என் பக்கம் வந்து, கூட்டத்துக்குத் தெரியாமல் உதட்டோரத்தில் கேட்கிறாள், "மங்களூரா, கனிம்மா?" எனக்கு விளங்கவில்லை. அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பரவால்ல, அன்னிக்கும் நீங்க குதிச்சதும் நாங்களும் குதிச்சோம், உங்ககிட்டதான் சொல்லல. ஒரு ஈ காக்காவுக்குத் தெரியல. நீங்க எங்க போறீங்களோ அங்கதான் பாட்டு. கால் வலியா? மெதுவா மிதிங்க போதும், அந்தப் பெட்டி சத்தத்தைக் கூட்டிக்கும், உங்க கால் வீக்கத்துக்காகத்தான் அதை வெச்சதே."

குதித்தார்களா. மங்களூரில் நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேனே. அகிலனுடைய இரண்டாவது சுற்று வரிகள், இப்போது நினைத்துப் பார்க்கிறேன், அன்றைக்கு அவை காதில் விழவே இல்லை. பாடவே இல்லை அவன். நான் உள்ளே விழுந்த அந்த நொடியிலேயே தன் பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு என் பின்னால் குதித்திருக்கிறான், இவளும் குதித்திருக்கிறாள், ஒருத்தி தப்பினால் தப்பு, எல்லாரும் சேர்ந்து தப்பினால் அது பாட்டு. அதைத்தான் சொல்லக் கூடாது என்றாளா, பால்கனியில். செம என்றானே. ஆர்கன் போகிற வழியில் போகத்தான் எனக்குத் தெரியும், என் வழியில் யாராவது வருவார்கள் என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள். இப்போதும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், கனிம்மா தடுமாறிவிட்டாள், மூடி மறைத்துவிடுவோம் என்று. தப்பு இல்லை பிள்ளைகளே, வேண்டுமென்றே நிறுத்தினேன், உங்களைப் பிடிக்க வலை வைத்தேன், வகுப்பறையில் என் பை கட்டிக் கிடக்கிறது. சொல்ல வேண்டும். சாப்பிடும்போது சொல்ல வேண்டும். சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்து முதலில் இவள் கையில் கொடுத்துவிட்டுச் சொல்ல வேண்டும். கூட்டத்தில் யாரோ ஒருத்தன் விசிலடிக்கிறான். அகிலன் புருவத்தைத் தூக்குகிறான், அவன் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று தேடுகிறேன், பழக்கதோஷம், இல்லை, காத்திருக்கிறான், அவ்வளவுதான். எந்தச் சுற்றில் விட்டேன் என்று ஞாபகம் இல்லை. காதுப் பொத்தான் கழுத்தில் தொங்கியபடி டிக் டிக் என்று யாருக்கோ எண்ணிக்கொண்டிருக்கிறது. பெருவிரல் இரும்புக்கு மேலே போகிறது. எங்கே மிதித்தாலும் அங்கே வருவார்கள். அதை நினைத்தால்தான் கால் இப்போது நடுங்குகிறது, இது வழக்கமான நடுக்கம் இல்லை, ஆண்டவரே, இதை எனக்குத் தெரியாது, ஆனாலும் மிதிக்கிறேன்.